கண்ணில் கொக்கெய்ன் விட்டுக்கொண்டு பார்த்தவர்கள்

கையை நேராக நீட்டிக் கட்டைவிரலை உயர்த்துங்கள். அந்த நகம் மறைக்கிற இடம் இருக்கிறதே, உங்கள் கூர்மையான பார்வையின் மொத்த ஆஸ்தி அவ்வளவுதான். சுமார் 2 டிகிரி. அதைத் தாண்டியதெல்லாம் கலங்கல். ஆனாலும் கூடம் முழுவதும், ஜன்னல் கம்பி முதல் காலண்டர் தேதி வரை, பளிச்சென்று தெரிவதாகத்தான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது மூளை விடும் புருடா. கண் நொடிக்கு மூன்று நான்கு தடவை அங்கும் இங்கும் தாவிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பொறுக்கிக்கொண்டு வருகிறது. மிச்சத்தை மூளை இட்டுக்கட்டி, நேரில் பார்த்த சாட்சி மாதிரி அடித்துச் சொல்கிறது.

இந்த ஒரு சங்கதியைத் தெரிந்துகொள்வதற்காக ஒரு நூற்றாண்டு காலம் படித்த மனிதர்கள் மற்ற மனிதர்களின் கண்ணில் விரலை விட்டு ஆட்டினார்கள். விரலோடு நிறுத்தியிருந்தால் தேவலை. பிளாஸ்டர், அலுமினியம், ரப்பர், கம்பிச்சுருள் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் விட்டார்கள். கடைசியில் வந்த முடிவைக் கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ்காரர்களிடம் பயபக்தியோடு ஒப்படைத்தபோது, அவர்களுக்குத் தோன்றியது ஒரே கேள்விதான்: "அப்படின்னா மீதியை வரையாம விட்டுடலாமா?"

முதலில் யாரும் கண்ணைப் பார்க்கவில்லை, காதால் கேட்டார்கள். படிக்கும்போது கண் வரியின்மேல் வழுக்கிக்கொண்டே போகிறது என்று 19ஆம் நூற்றாண்டின் பின்பகுதி வரை படித்தவர்களெல்லாம் நம்பிக்கொண்டிருந்தார்கள். அதையும் அதே கண்ணால் புத்தகத்தில் படித்துத்தான் நம்பினார்கள் என்பது கவனிக்கத்தக்கது. பாரிஸில் எமில் ஜவால் என்ற கண் மருத்துவர் 1878, 1879 வாக்கில் வாசிப்பின் உடலியலைப் பற்றி வரிசையாகக் கட்டுரைகள் எழுதினார். 1879இல் ஜெர்மானியரான ஏவால்ட் ஹெரிங், இமைமேல் ரப்பர் குழாயை வைத்து மறுமுனையைக் காதில் செருகிக்கொண்டார். கண்ணை அசைக்கும் தசையின் சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. வழுக்குகிற சாமானாக இருந்தால் ஒரே சீராக அல்லவா சத்தம் வர வேண்டும்? ஜவாலின் சோதனைக்கூடத்தில் லமார் என்பவர் இதே வேலையை இன்னும் நேர்த்தியாகச் செய்து, ஒரு வரிக்கு எத்தனை தாவல் என்று காதாலேயே எண்ணினார். இந்தத் தாவலுக்கு ‘சக்காட்’ என்ற பிரெஞ்சுப் பெயர் நிலைத்தது. பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் மாலையை ஜவாலின் கழுத்தில் போட்டுவிட்டு, குழாயைக் காதில் செருகியவர்களை அடிக்குறிப்புக்கு அனுப்பிவிட்டன. ஆராய்ச்சி உலகில் இது சகஜம். கேட்பது ஒருவர் காதில், பேர் கேட்பது இன்னொருவர் பக்கம்.

ஜவாலுக்குப் பிற்பாடு கிளாக்கோமா வந்து இரண்டு கண்ணும் போய்விட்டது. மனிதர் ஓய்ந்து உட்காரவில்லை. பார்வையிழந்தவர்களின் வாழ்க்கையைப் பற்றி 1903இல் ஒரு புத்தகமே கொண்டுவந்தார். இதற்குமேல் கிண்டல் செய்ய மனம் வராத ஒரே ஆசாமி இந்தக் கதையில் இவர்தான். மற்றவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது.

காதால் எண்ணுகிற வேலை அமெரிக்கர்களுக்குப் போதவில்லை. 1884இல் வியன்னாவில் கார்ல் கோலர் என்ற இளம் டாக்டர், கொக்கெய்ன் கரைசலைக் கண்ணில் விட்டால் கண் மரத்துப்போகும் என்று நிரூபித்திருந்தார். (அதே மருந்தை ஆராய்ந்துகொண்டிருந்த நண்பர் சிக்மண்ட் ஃபிராய்டு, நிச்சயம் செய்துகொண்ட பெண்ணைப் பார்க்க வெளியூர் போயிருந்த நேரத்தில் இது நடந்துவிட்டது. அந்த வயிற்றெரிச்சல் அவருக்கு வெகுகாலம் அடங்கவில்லை. பின்னாளில் மற்றவர்களின் வயிற்றெரிச்சலைக் காது கொடுத்துக் கேட்டுக் கட்டணம் வாங்கினார்.) கண் மரத்துப்போகும் என்று தெரிந்தபின் அதன்மேல் எதையாவது ஒட்டிப் பார்க்கலாமே என்று நினைப்பதற்கு அதிக நாள் ஆகவில்லை.

1898இல் அமெரிக்க உளவியல் இதழ் ஒன்றில் இரண்டு கட்டுரைகள் ஒன்றன் முதுகில் ஒன்றாக வந்தன. எழுதியவர்கள் இரண்டு பேர், பெயரென்னவோ ஒன்றுதான். எட்மண்ட் பர்க் டெலபார், எட்மண்ட் பர்க் ஹ்யூயி. பிரிட்டிஷ் பாராளுமன்றத்தின் பெரும் பேச்சாளர் பெயரை வைத்தால் பிள்ளை பேச்சில் கெட்டிக்காரனாக வருவான் என்று இரண்டு வீட்டுப் பெற்றோரும் ஆசைப்பட்டிருப்பார்கள். இரண்டு பிள்ளைகளும் வளர்ந்து கண்ணில் பிளாஸ்டர் பூசும் தொழிலுக்கு வந்து சேர்ந்தன.

ஹ்யூயியின் ஏற்பாட்டைக் கொஞ்சம் கிட்டத்தில் நின்று பார்க்க வேண்டும். மாசசூசெட்ஸில் கிளார்க் பல்கலைக்கழகம். ஆளை உட்காரவைத்து, தலை ஆடாமல் இறுக்கி, கண்ணில் மரப்பு மருந்து விடுவார்கள். பிறகு கருவிழியின் வளைவுக்குப் பொருந்துகிற மாதிரி பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் வார்த்த ஒரு சின்னக் கிண்ணம், ஈரக் கண்ணில் அப்படியே கவ்விக்கொள்ளும். பார்ப்பதற்கு நடுவில் ஓர் ஓட்டை. கிண்ணத்திலிருந்து மெல்லிய நெம்புகோல் ஒன்று கிளம்பும். அதன் கோடியில் அலுமினிய முள். முள்ளுக்கு எதிரே புகைக்கரி படிந்த காகிதம் சுற்றிய உருளை சுழன்றுகொண்டிருக்கும். கண் அசைந்தால் முள் அசையும், கரியில் கோடு விழும். நேரத்தை எப்படி அளப்பது? அதற்கும் வழி வைத்திருந்தார். முள்ளின் முனையிலிருந்து உருளைக்கு மின்பொறி சீரான இடைவெளியில் தாவி, கரியில் புள்ளி புள்ளியாகத் தட்டிவிடும். இவ்வளவையும் மாட்டிவிட்டு ஆசாமியை இயல்பாகப் படிக்கச் சொன்னார்கள்.

ஒரு வேலையைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு செய்ய வேண்டும் என்பார்கள் நம்மூர்ப் பெரியவர்கள். விளக்கெண்ணெயோடு நிறுத்திக்கொண்ட அவர்களுக்கு ஒரு கும்பிடு.

டெலபார் இன்னும் ஒரு படி மேலே. அடுத்தவன் கண் எதற்கு என்று தன் கண்ணிலேயே பிளாஸ்டர் தொப்பியை மாட்டிக்கொண்டார். இந்த மனிதருக்கு எதையும் தன்மேலேயே சோதித்துப் பார்த்துவிடும் குணம். கஞ்சாவிலிருந்து எடுக்கும் ஹஷீஷைப் பல வருஷம் தானே சாப்பிட்டுப் பார்த்து, மனம் என்ன செய்கிறது என்று ஒழுங்காகக் குறிப்பெடுத்து வைத்தவர். மாசசூசெட்ஸில் டைட்டன் பாறை என்று ஒன்று உண்டு. மேலெல்லாம் கீறல். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தலைமுறை தலைமுறையாக ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்; ஒருவருக்கு ஃபினீசியர் எழுத்தாகத் தெரியும், இன்னொருவருக்கு வைக்கிங்குகளின் எழுத்தாகத் தெரியும். டெலபார் 1918இல் அந்தப் பாறையின் புகைப்படத்தை உற்று உற்றுப் பார்த்து, ‘1511’ என்ற ஆண்டும் காணாமல்போன போர்ச்சுக்கீசிய மாலுமி மிகெல் கோர்ட்ரியாலின் பெயரும் தெரிகின்றன என்று அறிவித்தார். மற்றவர்களுக்குத் தெரியவில்லை. இருந்தாலென்ன, கண் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு அவர் தந்த மிகச் சிறந்த சான்று அந்த பிளாஸ்டர் தொப்பி அல்ல, இந்தப் பாறைதான் என்பது என் கட்சி.

ரேமண்ட் டாட்ஜ் என்ற புண்ணியவான் வந்தபிறகுதான் கண்ணுக்கு விடுதலை கிடைத்தது. கருவிழி பளபளப்பான சாமான்தானே, வெளிச்சத்தை அடித்தால் திருப்பி அனுப்பாதா என்று யோசித்தார். 1901இல் கிளைன் என்ற சகாவோடு சேர்ந்து, கண்ணிலிருந்து தெறிக்கும் ஒளிப்புள்ளியை, மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டிருக்கும் ஃபோட்டோ தகட்டில் விழவைத்தார். தகடு இறங்க இறங்க, கண் போன பாதை கோடாகப் பதிந்தது. கண்ணைத் தொடவே வேண்டியதில்லை. இருந்தாலும் தொடுகிற ஆசை மற்றவர்களுக்கு உடனே விட்டுப்போகவில்லை. 1905இல் யேல் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஜட் கருவிழிமேல் வெள்ளைச் சாயத் துணுக்கு ஒன்றை ஒட்டி அதைப் படம் பிடித்தார்.

டாட்ஜ் சொன்ன இன்னொரு விஷயம்தான் பின்னால் கிராஃபிக்ஸ்காரர்களுக்குப் பொன்முட்டையானது. கண்ணாடி முன் நின்று உங்கள் இடது கண்ணைப் பாருங்கள், பிறகு வலது கண்ணை. கண் நகர்வது உங்களுக்குத் தெரியாது. பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியும், உங்களுக்கு மட்டும் தெரியாது. தாவுகிற அந்தச் சில பத்து மில்லி செகண்டுகளில் கண் ஏறத்தாழக் குருடு. ஒரு நாளில் இப்படி எத்தனை ஆயிரம் தாவல்! அத்தனையையும் கூட்டினால் விழித்திருக்கும் நேரத்தில் கணிசமான பகுதியை நாம் ஒன்றும் பார்க்காமலே ஓட்டிவிடுகிறோம். மூளை இந்த விடுப்புகளையெல்லாம் வருகைப் பதிவேட்டில் காட்டுவதில்லை.

1902இல் ஜார்ஜ் ஸ்ட்ராட்டன் என்பவர் இந்தத் தொழிலில் ஒரு குறும்பு செய்தார். வளைந்த கோடு ஏன் அழகாக இருக்கிறது என்றால் கண் அதன்மேல் அலுங்காமல் வழுக்கிச் செல்வதால்தான் என்று அழகியல் பண்டிதர்கள் சொல்லி வந்தார்கள். ஸ்ட்ராட்டன் ஆட்களுக்கு அழகான வளைவுகளைக் காட்டிக் கண்ணைப் படம் பிடித்தார். பதிவில் வளைவும் இல்லை, நளினமும் இல்லை. கண் ஓரிடத்தில் குத்தி நின்று, எங்கேயோ குதித்து, மறுபடி தத்தியது. அழகியல் பண்டிதர்கள் இதனால் பாதிக்கப்பட்டார்களா என்றால், இல்லை. இன்றைக்கும் ஓவியக் கண்காட்சிகளில் "இந்த ரேகை நம் கண்ணை மெல்ல அழைத்துச் செல்கிறது" என்று பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

சிகாகோவின் கை பஸ்வெல் 1935இல் ‘மக்கள் படங்களை எப்படிப் பார்க்கிறார்கள்’ என்ற பொருளில் ஒரு புத்தகம் போட்டார். 200 பேரை உட்காரவைத்துப் படங்களைக் காட்டி, கண் போன வழியையெல்லாம் பதிந்தார். அதில் ஒரு சோதனை ருசியானது. சிகாகோவின் டிரிப்யூன் கோபுரப் படத்தைச் சும்மா பார்க்கச் சொன்னால் கண் சாவகாசமாக மேலும் கீழும் உலாவுகிறது. "ஏதோ ஒரு ஜன்னலில் ஓர் ஆள் எட்டிப் பார்க்கிறார், கண்டுபிடியுங்கள்" என்று சொன்னதும் அதே கண் ஜன்னல் ஜன்னலாகத் தட்ட ஆரம்பித்துவிடுகிறது. படம் மாறவில்லை, கேள்விதான் மாறியது. அடுத்த வீட்டு ஜன்னல் விஷயத்தில் மனிதக் கண்ணுக்குத் தனி உற்சாகம் உண்டென்று தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். ஆனால் ஃபிலிம் ஆதாரம் இருந்திருக்காது.

பஸ்வெல் காட்டிய இதே விஷயத்தை உலகப் புகழ்பெற வைத்தவர் மாஸ்கோவின் ஆல்ஃபிரெட் யார்பஸ். புகழ் அவருக்கு, அவஸ்தை கண்ணுக்கு. பிளாஸ்டர் காலம் போய் ரப்பர் காலம் வந்திருந்தது. யார்பஸின் கருவி கண்ணின்மேல் உறிஞ்சிப் பிடிக்கும் குட்டித் தொப்பி. அதில் ஒரு ரப்பர் குமிழ். அமுக்கி விட்டால் உள்ளே காற்று குறைந்து கண்ணோடு கவ்விக்கொள்ளும். தொப்பியின்மேல் குன்றிமணியைவிடச் சின்னதாக ஒரு கண்ணாடி. அதில் பட்டுத் தெறிக்கும் ஒளி, கண் போன இடமெல்லாம் கோடு கிழிக்கும். நடுவில் இமைத்துத் தொலைத்தால் எல்லாம் பாழ் என்பதால் இமைகளைப் பிளாஸ்திரி போட்டு மேலும் கீழும் இழுத்து ஒட்டினார்கள். தலை தாங்கியில் மாட்டிய தலை, மரத்த கண், ஒட்டிய இமை. இந்தக் கோலத்தில் ஓர் ஆளை உட்காரவைத்து யார்பஸ் காட்டிய ஓவியம், இல்யா ரெப்பினின் ‘எதிர்பாராத வருகை’.

நாடுகடத்தப்பட்ட ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குத் திரும்பி வருகிறார். வேலைக்காரப் பெண் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், தாய் நாற்காலியிலிருந்து எழுகிறாள், மனைவி பியானோவிலிருந்து திரும்புகிறாள், மேஜையில் குழந்தைகள். மூன்று நிமிஷம் சும்மா பார்க்கச் சொன்னார். பிறகு ஒவ்வொரு கேள்வியாகப் போட்டார். இந்தக் குடும்பத்துக்கு வசதி எப்படி? யார் யாருக்கு என்ன வயசு? இவர் வருவதற்கு முன்னால் இவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? போட்டிருக்கும் துணிமணிகளை ஞாபகம் வைத்துக்கொள். இவர் எத்தனை வருஷம் வெளியே இருந்திருப்பார்?

கல்யாணத் தரகரை உட்காரவைத்திருந்தால் ஒரே பார்வையில் அத்தனைக்கும் பதில் சொல்லியிருப்பார். யார்பஸின் ஆளுக்கு ஒவ்வொரு கேள்விக்கும் கண் ஒவ்வொரு விதமாக ஓடியது. வயசைக் கேட்டால் முகம் முகமாக. வசதியைக் கேட்டால் துணியிலும் சாமான்களிலும். எத்தனை வருஷம் என்று கேட்டதும், வந்தவர் முகத்துக்கும் வீட்டார் முகத்துக்கும் இடையே விடாமல் பாலம் போட்டது. 1965இல் ரஷ்ய மொழியிலும் 1967இல் ஆங்கிலத்திலும் புத்தகமாக வந்த அந்தக் கோட்டுச் சித்திரங்கள், இன்றுவரை கண் ஆராய்ச்சிப் பேச்சு எதுவானாலும் இரண்டாவது ஸ்லைடில் ஆஜராகிவிடுகின்றன. ஒரே ஓவியம், ஒரே ஆள் என்பதை மூன்றாவது ஸ்லைடில்கூட யாரும் சொல்வதில்லை.

யார்பஸ் இன்னொரு வேடிக்கையும் செய்தார். படத்தையே அந்தத் தொப்பியில் பொருத்திக் கண்ணோடு சேர்ந்து நகரும்படி விட்டார். கண் எங்கே போனாலும் படமும் கூடவே வரும்; ஆக, விழித்திரையில் படம் அசையவே அசையாது. இரண்டு மூன்று நொடியில் படம் மறைந்துபோய்விட்டது. நிறம், உருவம், எல்லாம் போய் வெறும் வெளி. மாறாத எதையும் கண் கணக்கில் வைத்துக்கொள்வதில்லை. நீண்டகாலத் தாம்பத்தியம் பற்றி இங்கே ஏதாவது சொல்லலாம். சொல்லப்போவதில்லை, வீட்டில் இதைப் படிப்பார்கள்.

அடுத்து வந்த உபகரணங்களை வேகமாகத் தாண்டிவிடலாம். விமானிகள் தரையிறங்கும்போது எந்த முள்ளைப் பார்க்கிறார்கள் என்று பால் ஃபிட்ஸ் குழுவினர் காக்பிட்டில் சினிமா கேமரா வைத்தார்கள். 1963இல் ராபின்சன் என்பவர் கம்பிச்சுருள் பதித்த கான்டாக்ட் லென்ஸைக் கண்ணில் போட்டு, காந்தப்புலத்துக்குள் ஆளை உட்காரவைத்தார். தலை அசையாமல் இருக்க, பல்லின் அச்சு எடுத்த கட்டையைக் கடித்துக்கொண்டே மணிக்கணக்கில் உட்கார வேண்டிய சோதனைகளும் இருந்தன. கட்டை வாயில் இருப்பதால் ஆட்சேபம் சொல்லவும் வழியில்லை. கடைசியில் அகச்சிவப்பு விளக்கும் வீடியோ கேமராவும் வந்து இந்த இம்சைக்கு முற்றுப்புள்ளி வைத்தன. கண்மணியின் மையம் எங்கே, கருவிழியில் பளிச்சிடும் விளக்கின் புள்ளி எங்கே என்று கேமரா பார்க்கிறது. கண் திரும்பினால் கண்மணி நகரும், புள்ளி அவ்வளவாக நகராது. இரண்டுக்கும் உள்ள இடைவெளியிலிருந்து பார்வையின் திசையைக் கணக்குப் போட்டுவிடலாம். திரையில் அங்கங்கே தோன்றும் ஒன்பது புள்ளிகளை நல்ல பிள்ளையாகப் பார்த்துக் கொடுத்தால் கருவி தயார். மஸ்காரா மட்டும் ஆகாது. கறுப்பைத் தேடும் மென்பொருள் கண்மணியை விட்டுவிட்டு இமை முடியைப் பிடித்துக்கொள்ளும். பரதநாட்டியக் கலைஞர் ஒருவரை மேடை ஒப்பனையோடு கொண்டுவந்து உட்காரவைத்தால் அது ராஜினாமா கடிதம் கொடுத்துவிடும்.

கம்ப்யூட்டர் வந்ததும் கண்ணைப் பதிவது போய்க் கண்ணை ஏமாற்றுவது ஆரம்பமாயிற்று. 1975இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மெக்கான்கியும் ரேனரும் ஒரு கண்கட்டு வித்தை செய்தார்கள். திரையில் ஒரு பத்தி. கண் நிற்கிற இடத்தில் மட்டும் சில எழுத்துகள் ஒழுங்காக இருக்கும்; சுற்றிலும் வெறும் எக்ஸ் எக்ஸ் எக்ஸ். கண் நகர்ந்தால் அந்தச் சாளரமும் கூடவே நகரும். சாளரம் போதுமான அளவு அகலமாக இருந்துவிட்டால் படிப்பவர் பாட்டுக்குப் படித்துக்கொண்டே போவார். பின்னால் நின்று பார்ப்பவருக்குத்தான் திரை முழுக்க எழுத்துகள் பேயாடும். கிராஃபிக்ஸ் உலகம் இதைக் கல்வெட்டில் பொறித்து வைத்திருக்க வேண்டும்.

ஆனால் அவர்கள் முதலில் கண்ணை மவுஸாகத்தான் நினைத்தார்கள். எம்ஐடியில் ரிச்சர்ட் போல்ட் 1981இல், ஒரே சுவரில் பல வீடியோக்கள் ஒரே சமயத்தில் கத்திக்கொண்டிருக்க, நீங்கள் எதைப் பார்க்கிறீர்களோ அதன் குரல் மட்டும் மேலெழும்படி ஒரு காட்சியைக் காட்டினார். நம் செய்தி சேனல் விவாதங்களுக்கு இன்றைக்கும் தேவைப்படுகிற கண்டுபிடிப்பு. 1990இல் அமெரிக்கக் கடற்படை ஆராய்ச்சிக்கூடத்தில் ராபர்ட் ஜேக்கப், திரையில் கப்பல்களைப் போட்டு, பார்த்த கப்பலின் விவரம் பக்கத்தில் வரும்படி செய்தார். அப்போதுதான் விவகாரம் புரிந்தது. கண் சும்மா இருக்காது. பார்த்ததெல்லாம் கட்டளையாகிவிட்டால் சும்மா பார்ப்பது எப்படி? தொட்டதெல்லாம் பொன்னாகிப்போன கிரேக்கப் புராண ராஜாவை நினைத்து இதற்கு ‘மிடாஸ் தொடுகை’ என்று பெயர் வைத்தார். சிவபெருமானின் நெற்றிக்கண் கதை தெரியாதவர் போலிருக்கிறது. "எரிக்கலாமா? ஆம் / வேண்டாம்" என்று ஒரு பெட்டி நடுவில் வந்திருந்தால் மன்மதன் பிழைத்திருப்பான். ஜேக்கப்பும் கடைசியில் அந்த மாதிரி ஏற்பாட்டுக்குத்தான் வந்தார்: கொஞ்ச நேரம் நிலைத்துப் பார்த்தால்தான் தேர்வு, இல்லாவிட்டால் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும்.

நிஜமான சோம்பேறித்தனம் ராணுவத்தின் தயவில் வந்தது. போர் விமானப் பயிற்சிக்கான சிமுலேட்டரில் விமானியைச் சுற்றி வானமும் பூமியும் தெரிய வேண்டும். 1980களின் கம்ப்யூட்டருக்கு அத்தனையையும் கூர்மையாக வரையச் சக்தி இல்லை. சரி, விமானி பார்க்கிற இடத்தில் மட்டும் நல்ல படத்தை வீசுவோம், மற்ற இடத்துக்கு மங்கல் போதும் என்று முடிவு செய்தார்கள். விமானியின் கண்ணைத் துரத்திக்கொண்டு ஓடும் இந்தப் படத்துண்டை உருவாக்கியவர்களில் சிங்கர் நிறுவனமும் உண்டு. தையல் மிஷின் சிங்கரா என்றால், அதே சிங்கர்தான். சிமுலேட்டர் செய்யும் லிங்க் நிறுவனம் 1968இல் அவர்கள் கைக்கு வந்திருந்தது. ஒட்டுப்போடுவதில் அவர்களுக்கு இருந்த அனுபவம் வீண்போகவில்லை.

அமைச்சர் வருகிறார் என்றால் அவர் கார் போகிற தெருவுக்கு மட்டும் ராத்திரியோடு ராத்திரியாகத் தார் போடும் ஒப்பந்தக்காரரை நாம் அறிவோம். பக்கத்துச் சந்தில் முழங்கால் ஆழப் பள்ளம் இருக்கும்; அமைச்சர் அங்கே திரும்பிப் பார்க்கப்போவதில்லை. ஃபோவியேட்டட் ரெண்டரிங் என்று கிராஃபிக்ஸ்காரர்கள் கௌரவமாகச் சொல்வது சாட்சாத் இந்தத் தொழில்தான். அமைச்சர் உங்கள் கண். கார் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று துப்புக் கொடுப்பது ஐ-ட்ராக்கர். கார் திரும்பிய பிறகு அங்கே ஓடித் தார் போட முடியுமா என்றால், முடியும். திரும்புகிற நேரத்தில் அமைச்சருக்குக் கண் தெரியாது என்று டாட்ஜ் எப்போதோ சொல்லிவிட்டாரே. அந்தச் சில பத்து மில்லி செகண்டுக்குள் வேலையை முடித்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

1990இல் மார்க் லெவோயும் ராஸ் விட்டேக்கரும் வட கரோலினாவில் முப்பரிமாணப் படங்களுக்கு இதைச் செய்தார்கள்: கண் இருக்கிற இடத்துக்கு அதிகக் கதிர், ஓரத்துக்குக் கொஞ்சம். 2012இல் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிக்குழு ஒன்று அதை முழு அளவில் காட்டியது. சாதாரண ஹெச்டி திரையிலேயே 20 லட்சத்துக்கும் மேல் பிக்ஸல். நொடிக்குப் பல தடவை அத்தனையையும் புதிதாக வரைய வேண்டும். அவர்கள் பார்வைப் புள்ளியைச் சுற்றி மூன்று அடுக்காகப் பிரித்து, வெளியே போகப்போகத் தரத்தைக் குறைத்தார்கள். வேலை 5, 6 மடங்கு வேகமாக முடிந்தது. பார்த்தவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. 2016இல் என்விடியா ஆட்கள் இதில் ஓர் ஊழலைக் கண்டுபிடித்தார்கள். ஓரத்தைச் சும்மா மங்கலாக்கினால் மட்டும் போதாது. குகைக்குள்ளிருந்து பார்ப்பதுபோல் ஓர் உணர்வு வந்துவிடுகிறது. மங்கலாக்கியபின் ஒளி நிழல் வேறுபாட்டைக் கொஞ்சம் ஏற்றிவிட்டால் கண் சமாதானமாகிறது.

2002இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் கேட்டரும் சகாக்களும் செய்த சோதனை இதைவிட நாணயக் குறைவானது, அதனாலேயே எனக்குப் பிடித்தது. கம்ப்யூட்டரில் வரைந்த அறைகள் வழியாக ஆளைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். ஒவ்வோர் அறையிலும் ஒரு மேஜை, மேஜையில் ஒரு குவளை, குவளையில் பென்சில்கள். எத்தனை பென்சில் என்று எண்ண வேண்டும். எண்ணிக்கை சுலபமாக இருந்துவிடக்கூடாது என்று பென்சிலோடு பெயின்ட் பிரஷ்களையும் சொருகி வைத்திருந்தார்கள். குவளையும் அதைச் சுற்றிக் கொஞ்ச இடமும் மட்டும் நல்ல தரம். மற்றபடி அறை முழுக்க மட்ட ரகம். பென்சில் எண்ணியவர்களில் பெரும்பாலோர் அதைக் கவனிக்கவே இல்லை. எண்ணாமல் சும்மா பார்த்தவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். யார்பஸ் இமையை ஒட்டிக் கண்டுபிடித்ததை இவர்கள் பென்சில் குவளையால் காசாக்கினார்கள்.

அதே வருஷம் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் டிகார்லோவும் சாண்டெல்லாவும் கம்ப்யூட்டரை ஓவியனாக்கப் பார்த்தார்கள். புகைப்படத்தைக் கோட்டோவியமாக மாற்ற வேண்டும். ஆனால் எதை விரிவாகப் போடுவது, எதைத் தட்டையாக விடுவது என்று கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? ஓர் ஆளைச் சில நொடி அந்தப் படத்தைப் பார்க்கச் சொன்னார்கள். கண் நின்ற இடமெல்லாம் நுணுக்கமாகவும், கண் போகாத இடமெல்லாம் ஒற்றை வண்ணப் பூச்சாகவும் வந்தது. பார்த்தவர் கையால் ஒரு கோடு போடவில்லை. முகத்தைப் பார்த்திருந்தால் முகம் வரும், சட்டையைப் பார்த்திருந்தால் சட்டை வரும். கச்சேரிக்குப் போய் பட்டுப்புடவைகளைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இந்தக் கருவியின் பக்கம் தலைவைத்துப் படுக்காமல் இருப்பது நல்லது.

வரையாமல் விடுவதில் ருசி கண்டவர்கள் அடுத்தபடியாக உலகத்தையே நகர்த்திப் பார்த்தார்கள். மெய்நிகர் உலகில் காடு மலையெல்லாம் நடக்கலாம். ஆனால் ஹெட்செட் மாட்டிய ஆள் நிற்பது ஓர் அறையில், நாலு எட்டில் சுவர். 2018இல் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகம், என்விடியா, அடோபி ஆட்கள் சேர்ந்து ஒரு தீர்வைக் கொண்டுவந்தார்கள். கண் தாவும் ஒவ்வொரு தடவையும், அது குருடாக இருக்கும் கணத்தில், மெய்நிகர் உலகத்தை ஓர் இம்மி திருப்பிவிடுவது. ஆளுக்குத் தெரியாது. நேராகத்தான் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு அறைக்குள் வளைந்து வளைந்து நடப்பார். கண் போதுமான அளவு தாவவில்லை என்றால்? அதற்கும் பழைய தந்திரம் ஒன்று கையில் இருந்தது. 2009இல் ரெனால்ட் பெய்லியும் சகாக்களும் சொன்னது: பார்வையின் ஓரத்தில் லேசாக எதையோ மினுக்கிக் காட்டு, கண் அந்தப் பக்கம் கிளம்பியதும், வந்து சேர்வதற்குள் மினுக்கலை நிறுத்திவிடு. கண் வந்து பார்க்கும்போது அங்கே ஒன்றும் இருக்காது. யார் கூப்பிட்டது என்றே அதற்குத் தெரியாது. கடன் கொடுத்தவரைக் கண்டதும் சந்துக்குள் மறைகிற ஆட்களுக்கு இந்த நுட்பம் முன்பே கைவந்திருந்தாலும், ஆராய்ச்சிக் கட்டுரையாக எழுத அவர்களுக்குத் தோன்றவில்லை.

ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்தவரை எல்லாம் தமாஷாகத்தான் இருந்தது. இப்போது கடைக்கு வந்துவிட்டது. 2024 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனம் விஷன் புரோவை 3,499 டாலருக்கு அமெரிக்கக் கடைகளில் வைத்தது. உள்ளே கண்ணைச் சுற்றி அகச்சிவப்பு விளக்குகளும் கேமராக்களும். பார்த்துவிட்டு இரண்டு விரலைச் சேர்த்துக் கிள்ளினால் தேர்வு. ஜேக்கப்பின் பொத்தான் விரலாகிவிட்டது. பார்க்கிற இடம் கூர்மை, பார்க்காத இடம் ஒப்பந்தக்காரர் வேலை. ஹ்யூயி உயிரோடு இருந்து பார்த்திருந்தால் ஆனந்தக் கண்ணீர் விட்டிருப்பார், மரப்பு மருந்து இல்லாமல்.

இதில் ஒரே ஒரு சிக்கல். பெட்டியை மாட்டியவரின் கண் வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. முகத்தைப் பார்த்துப் பேச முடியாது. அதற்காகப் பெட்டியின் வெளிப்புறத்தில் இன்னொரு திரை பொருத்தினார்கள். மாட்டியவரின் கண்ணை கிராஃபிக்ஸில் வரைந்து, உள்ளே நிஜக் கண் எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கமே அதுவும் திரும்பும்படி வைத்து, வெளியே காட்டினார்கள். வாங்கியவர்கள் சொன்ன புகார்களில் ஒன்று, அந்தக் கண் மங்கலாகத் தெரிகிறது என்பது.